ரீஸ்டார்ட் அமுக்காதவள்

தலையில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றியதும் ஒருவர் சொல்லும் முதல் வார்த்தை பொய்யாக இருக்காது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன நான் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தக் கண்ணாடிகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்துத் தெரிந்துகொண்டேன்.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு நர்சிங் காலேஜ். அதன் லேபில் நான் அட்டெண்டர். பொம்மை நோயாளிகளுக்கு விரிப்பு மாற்றுவது, கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பது என்று போய்க்கொண்டிருந்த வேலையில் ஒரு வருடம் நாலு ஹெட்செட்டுகள் வந்து சேர்ந்தன. நான் அவற்றைக் கண்ணாடி என்றுதான் சொல்வேன். மாட்டிக்கொண்டால் உள்ளே ஓர் ஆஸ்பத்திரி இருக்கும். கட்டில், மானிட்டர், மருந்து அலமாரி. கட்டிலில் காய்ச்சலோடு மூச்சு வாங்கிக் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரர். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொள்ளும் கருவிகள்தான் உள்ளே கைகளாகத் தெரியும். மாட்டியவர் பார்ப்பதெல்லாம் சுவரில் இருக்கும் டிவியில் வெளியே நிற்கும் எங்களுக்கும் தெரியும். வேண்டியதை வேண்டிய நேரத்தில் செய்தால் வெள்ளைக்காரர் பிழைப்பார். தவறினால் செத்துப்போவார். செத்தால் திரை சாம்பல் நிறமாகி, நடுவில் ரீஸ்டார்ட் என்று ஒரு பொத்தான் வரும். அமுக்கினால் பழையபடி காய்ச்சலோடு படுத்திருப்பார்.

சார்ஜ் போடுவது, துடைப்பது, மாட்டியவர் போய்ச் சுவரில் முட்டாமல் கூடவே நிற்பது, இவை என் வேலைகள். கீழே விழுந்தால் என் தலையில்தான் விடியும் என்ற பயத்தில் முதல் மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. அப்படிப் பக்கத்திலேயே நின்றதால்தான் அந்த முதல் வார்த்தைகள் எனக்குக் கேட்டன. "தல சுத்துதுங்க்கா" என்பாள் ஒருத்தி. "வார்டுல ஊசியத் தொடவே உட மாட்டாங்க, இங்க ஆச தீரப் போட்டுட்டேன்" என்பாள் இன்னொருத்தி. "நாத்தமே இல்ல, இத எப்படி ஆஸ்பத்திரின்னு நம்பறது?" என்றவள் உண்டு. "திட்டாத பேஷன்ட். எனக்கு இவரே போதும்" என்று கும்பிட்டவளும் உண்டு.

நான் சொல்ல வந்தவள் கழற்றியதும் கேட்டது இது: "யக்கா, மூடுறதுக்கு ஒரு துணி இருக்கா?"

நான் ஏதோ வேர்வை துடைக்கக் கேட்கிறாள் என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் துண்டைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். டிவியில் வெள்ளைக்காரர் வாய் திறந்தபடி கிடந்தார். "எனக்கில்ல. அவுகளுக்கு" என்றாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. காலேஜில் அவளை 'வண்டிப்பெரியாறு' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மலையூரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து வந்தவள். அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்து இவளைப் படிக்க வைத்தாள். சமதளத்தில் நடக்கும்போதும் ஏற்றத்தில் ஏறுகிறவளைப்போல முன்னால் சாய்ந்துதான் நடப்பாள். இன்றைக்கும் காலேஜில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், பொம்மை செத்ததற்கு துக்கம் கொண்டாடியவள் என்று சிரிக்கிறார்கள். நான் அந்தக் கதையை அவர்கள் சொல்கிற மாதிரி சொல்லப்போவதில்லை.

அவள் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை "முடிச்சிட்டு வாரேன்". யார் கூப்பிட்டாலும் அதுதான் பதில். கரண்ட் போய் மெஸ் இருட்டில் மூழ்கி எல்லாரும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினால், இவள் ஒருத்தி மட்டும் குழாயடியில் தட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பரீட்சையில் மணி அடித்தபிறகும் எழுதிக்கொண்டிருந்தாள் என்று பேப்பரைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கியவரிடம் போய், "ஒரு வரிதான் சார், வாயால சொல்லிருதேன், கேட்டுக்கங்க" என்று மீதியைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாளாம். காலேஜ் ஆண்டு விழாவில் நாலைந்து பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மேடையை விட்டு ஓடினார்கள். இவள் பாட்டே இல்லாமல் கடைசி அடி வரைக்கும் ஆடி, கும்பிடு போட்டு இறங்கினாள். கூட்டம் முதலில் கூச்சல் போட்டது, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா இருந்தது. நான் பின்னால் நின்று, இந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லக்கூடாதா என்று தவித்தேன். இறங்கி வந்தவளிடம் சொல்லவும் செய்தேன்.

"ஏங்கண்ணு, உட்டுப்போட்டு வந்திருக்கலாமில்ல? எல்லாருஞ் சிரிச்சாங்கல்ல?"

"பாட்டுதானக்கா நின்னுச்சு? காலு நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் அவள். பாதியில் விட மாட்டாள். அதைக் குணம் என்பதா கோளாறு என்பதா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அந்த வெள்ளைக்காரருக்கு மற்றப் பிள்ளைகள் 'சாயிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனை மலையாளத்தில் அப்படிச் சொல்வது வழக்கம். "சாயிப்பக் கொன்னுட்டேன்", "எனக்குப் பொழச்சுட்டாருடி" என்று லேப் கலகலப்பாக இருக்கும். சாகவிட்டவள் சட்டென்று ரீஸ்டார்ட் அமுக்கிவிட்டு மறுபடி தொடங்குவாள். இவள் அமுக்க மாட்டாள். சாம்பல் திரைக்குள்ளேயே நிற்பாள். முதலில் சாயிப்பின் கண்களுக்கு மேல் கையைக் கொண்டுபோவாள். கண் மூடாது. அந்தப் புரோகிராமில் அதற்கு வழி வைக்கவில்லை. பிறகு கை கால்களை நேராக்கப் பார்ப்பாள். ஏறிக்கொண்டிருக்கும் டிரிப்பைக் கழற்றப் பார்ப்பாள். விரிப்பை இழுத்து முகம் வரைக்கும் மூடப் பார்ப்பாள். ஒன்றும் நடக்காது. நடக்காவிட்டாலும் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து முடிப்பாள். வெளியே நின்று பார்க்கிற எனக்கு, கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் வெறும் காற்றைத் தடவிக் கொடுத்து, வெறும் காற்றை இழுத்துப் போர்த்துவது மட்டும் தெரியும்.

அதை முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு அவளுக்கு வேறு கேஸ் கிடையாது. மற்றவர்கள் ஒரு பீரியடில் மூன்று முறை நான்கு முறை என்று செய்து பார்க்கும்போது, இவள் ஒரே ஒரு முறை. அது மட்டுமல்ல, அவள் கண்ணாடிக்குள் நின்று காற்றைப் போர்த்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அடுத்தவளின் நேரம் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தவள் பெரும்பாலும் சபீனா. பாலக்காட்டில் பேக்கரி வைத்திருப்பவரின் மகள். வாய் சும்மா இருக்காது.

"கழட்டுடி. சாயிப்பு செத்து கப்பலேறிப் போயாச்சு" என்பாள்.

"முடிச்சிட்டு வாரேன்."

"என்னத்த முடிக்கிற? அவங்க தோட்டத்துத் தொரை செத்தாப்புல இல்ல அழுகுறா?"

"எங்க தொரை செத்தப்ப யாரும் அழுவல. அன்னைக்கு லீவு. எல்லாரும் நல்லாத் தூங்குனோம்" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே பதில் வரும். சபீனாவுக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் கோபம் போகாது. அவளுடைய நேரம் அல்லவா போகிறது.

லேபைப் பார்த்துக்கொண்ட ஆசிரியையை எல்லாரும் மிஸ் என்போம். கெட்டவரில்லை. சொந்த ஊர் பாலக்காடு. வீட்டில் தமிழ்தான். ஆனால் வருடக்கணக்காக மலையாளத்தில் வகுப்பு எடுத்ததில் 'போதும்' என்ற சொல் மறந்து 'மதி' என்றே வரும். என்னைச் சேச்சி என்பார். அவர் ஒரு நாள் இவளை நிறுத்திக் கேட்டார்.

"நீ என்னதான் நினைச்சிட்டிருக்க? அது கம்ப்யூட்டர். யாரும் சாகல."

"அப்ப மார்க்கு, மிஸ்?"

"மார்க்குக்கு என்ன?"

"அவுக செத்தா எனக்கு மார்க்கு போகுதுல்ல? மார்க்கு நெசம்னா சாவும் நெசந்தான, மிஸ்? ஒண்ணு மட்டும் எப்படி நெசமாகும்?"

மிஸ் கொஞ்சம் திகைத்தார். "சரி, செத்தாச்சு. அடுத்தத செய்யேன். வார்டுல ஒருத்தர் செத்தா மத்த பேஷன்ட் எல்லாம் காத்திருப்பாங்களா?"

"காத்திருக்க மாட்டாக. ஆனா செத்தவுகள அப்படியே வாயத் தொறந்து போட்டுட்டு அதே கட்டிலுக்கு அவுகளவே மறுபடி கொண்டாந்து படுக்க வைக்க மாட்டாகல்ல? எங்க லயத்துல ஒரு சாவு விழுந்தா அன்னைக்கு யாரும் கொழுந்துக்குப் போறதில்ல, மிஸ். எடுத்து அடக்கம் பண்ணி முடிச்சு, மறுநாத்தான் வேலைக்கு எறங்குவோம்."

"இது லயம் இல்ல, லேப்."

"செத்தவுகளுக்கு அது தெரியாதுல்ல, மிஸ்."

"மதி, மதி" என்று மிஸ் போய்விட்டார். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சரை எதிர்த்துப் பேசிவிட்டு ஒரு பெண் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதை நான் பார்த்ததில்லை. நானெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முறைத்ததற்கே மறுநாள் போகாமல் நின்றவள்.

அன்றைக்கு அவளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கவனிக்க ஆளில்லாமல் போயிருக்க வேண்டும், அதுதான் மனதில் கிடந்து இப்படிப் பண்ணுகிறது என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

"ஏங்கண்ணு, உங்க ஊட்டுல ஆராச்சும் அப்படிப் போயிட்டாங்களா?"

"எல்லார் வீட்லயுந்தான் போயிருக்காக. அதுக்கில்லக்கா" என்றாள். "நீங்க தோசைய ஊத்திட்டு, கருகிப் போச்சுன்னா என்ன செய்வீக?"

"எடுத்துப்போட்டுக் கல்லத் தொடச்சுட்டு அடுத்தத ஊத்துவேன்."

"தொடைக்காமயே அதுமேலயே ஊத்துனா?"

செத்தவரைத் தோசையோடு சேர்த்துப் பேசுகிறாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னது பிடிபட்டது.

பிறகு, பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுப்போக ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். அந்தப் புரோகிராமைச் செய்து கொடுத்தவர்கள். கண்ணாடிக்குள் படிப்பது எப்படி இருக்கிறது, பயனுள்ளதா, பயம் தெளிந்ததா என்று கேட்பார்களாம். மிஸ் முதல் நாளே எல்லாரையும் நிறுத்தி வைத்து, என்ன சொல்லலாம் என்பதை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். தலை சுற்றலைச் சொல்ல வேண்டாம். நாற்றத்தைச் சொல்ல வேண்டாம். தன்னம்பிக்கை வந்தது என்று சொல்லலாம். நன்றாக வந்தால் இன்னும் சில கண்ணாடிகள் தருவார்களாம். அவர்கள் வந்த அன்று இவளை மட்டும் என்னோடு ஸ்டோர் ரூமில் விரிப்பு மடிக்க விட்டார்.

"சேச்சி, அவங்க போற வரைக்கும் நல்லா நிறைய மடிங்க" என்றார் என்னிடம். நான் அலமாரியில் மடித்து வைத்திருந்ததையெல்லாம் உதறிக் கலைத்துக் கீழே போட்டேன்.

வந்தவர்களில் ஓர் இளைஞன் தண்ணீர் கேட்டு ஸ்டோர் ரூம் பக்கமே வந்துவிட்டான். நல்ல முகம். "நீங்களும் ஸ்டூடண்டா? நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று அவனாகவே கேட்டான்.

நான் தண்ணீரை வேகமாக நீட்டினேன். அதற்குள் அவள் தொடங்கிவிட்டாள்.

"நல்லாருக்கு சார். நெசம் மாதிரியே இருக்கு. அதனாலதான் சொல்றேன். அவுக செத்ததுக்கு அப்புறம் எங்களுக்குச் செய்ய ஒண்ணும் இல்ல. கண்ண மூட முடியல. துணிய இழுக்க முடியல. உடனே ரீஸ்டார்ட்டுன்னு வந்து நிக்குது."

"அந்த இடம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு, அல்லே?" என்றான் மலையாளம் கலந்து.

"கஷ்டமாத்தான் சார் இருக்கணும். நான் அதச் சொல்லல. முடிக்க விடமாட்டேங்குது, அதச் சொல்றேன்."

அவன் தலையை ஆட்டி ஆட்டி போனில் எழுதிக்கொண்டான். "ரொம்ப முக்கியமான விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் விரிப்பின் இன்னொரு முனையை என் கையில் கொடுத்து, "பிடிங்கக்கா, முடிச்சிருவோம்" என்றாள். மிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று அன்று முழுக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மிஸ் கேட்கவே இல்லை.

சில வாரங்கள் கழித்து அப்டேட் வந்தது. இரவு முழுக்க கண்ணாடிகளை நெட்டில் போட்டு வைக்கச் சொன்னார்கள். மூன்றைப் போட்டேன். நாலாவதற்கு மட்டும் சார்ஜ் ஒயர் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நடுவில் கரண்ட் போனால் கண்ணாடியே கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் கரண்டை நம்பி எதைச் செய்வது? அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் முதலில் மாட்டியது சபீனா. சாயிப்பின் மூச்சு திணறியது, மானிட்டரில் எண்கள் இறங்கின, சிவந்தன. அதற்கப்புறம் சாம்பல் திரை வரவில்லை. அறை மெல்ல மங்கி, ஒரு மெல்லிய இசை வந்து, மறுபடி வெளிச்சமாகி, சாயிப்பு முதலில் இருந்தபடி படுத்திருந்தார். 'மீண்டும் முயல்வோம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. சாவையே எடுத்துவிட்டார்கள்.

"இது கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினாள் சபீனா. அவளுக்கும் அதில் ஒரு நியாயம் இருந்தது. அவள் அக்காவும் நர்சிங்தான் சேர்ந்தாள், முதல் போஸ்டிங்கில் ஒரு சாவைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். "இங்கயாவது பயமில்லாம கத்துக்கட்டுமே" என்றாள்.

இவள் டிவி முன்னால் போய் நின்றாள். "அவுக எங்க போனாக?"

"எங்கயும் போகல. அவரேதான்" என்றார் மிஸ்.

"அப்ப இப்ப நாம ஒண்ணும் செய்யலன்னாலும் அவுக சாக மாட்டாகளா?"

"சாக மாட்டார். உன்னாலதான் மாத்தினாங்க. உனக்குத்தான கஷ்டமா இருந்தது?"

மிஸ் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். இவள் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"சாகாதவுகளுக்கு நர்ஸு எதுக்கு, மிஸ்?" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அந்த பேட்ச் முழுவதும் நிஜ ஆஸ்பத்திரியில் வார்டு போஸ்டிங்குக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் கண்ணாடிக்குள் சாயிப்பைத் தேற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் மிஸ் கையெழுத்துப் போடுவார். புதிய புரோகிராமில் தப்புச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப இடம் கொடுத்தது. முன்னால் போனவர்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் பாஸாகி வெளியே வந்தார்கள். கடைசிக்கு முந்தி இவள், கடைசி சபீனா. இவள் கண்ணாடியை வாங்கவில்லை.

"எனக்குப் பழையதுல வைங்க, மிஸ்."

"பழையது இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நாலாவது கண்ணாடி உள்ளே இருப்பது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். என் பீதியை அவளிடம்தான் முன்பே கொட்டியிருந்தேன். அவள் பார்வையை எடுக்கவில்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அவளும் போகிறவர்களோடு போயிருப்பாள். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"நாலாவது ஒண்ணு இருக்குங்க மிஸ். கரண்டு போயிருமுன்னு பயந்துட்டு அதுக்கு மட்டும் போடலைங்க" என்றேன்.

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார். "யோசிச்சுச் சொல்லு. அதுல அவர் செத்தா ஃபெயில். ரீஸ்டார்ட் எல்லாம் கிடையாது. அடுத்த பேட்ச்கூடத்தான் போகணும். ஆறு மாசம். உன் அம்மா இன்னும் ஆறு மாசம் கூடுதலா மலை ஏறணும். உனக்கு அது பரவால்லயா?"

"பரவால்லன்னு சொல்லல, மிஸ். எங்கம்மா ஏறுற மலை எனக்குத் தெரியும். ஆனா நான் நாளைக்கு ஒரு கட்டில்கிட்ட போயி நிக்கணும்ல? அங்க படுத்திருக்கவுக சாகக்கூடியவுக."

நான் உள்ளே போய் எடுத்து வந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்துக் கொடுத்தேன்.

அவள் நன்றாகத்தான் செய்தாள். தலைமாட்டை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாயிப்பிடம் தமிழில், "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே செய்தாள். டிரிப் போட நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. அங்கேதான் நேரம் போனது. மானிட்டரில் எண்கள் சிவந்தன. "வேற கையி பாரு" என்று சபீனா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவள் மறு கைக்குப் போய் ஏற்றினாள். ஏறியது. ஆனால் ஏறும்போதே திரை சாம்பலானது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கை சாயிப்பின் கண்களுக்கு மேல் இருந்தது. அடுத்துக் கை கால்களை நேராக்கினாள். ஒரு சொட்டு அழுகை இல்லை. முதுகை முன்னால் சாய்த்து, இல்லாத விரிப்பின் முனையைப் பிடித்தாள். விரிப்பு போடுவது எப்போதுமே இரண்டு ஆள் வேலை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இவள் ஒருத்தியே இந்தப் பக்கம் இழுத்து, சுற்றிப் போய் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும்.

அப்போது சபீனா எழுந்தாள். கண்ணாடி மாட்டவில்லை. டிவியைப் பார்த்துப் பார்த்து, கட்டில் இருக்கும் என்று தோன்றிய இடத்துக்கு மறுபக்கம் போய் நின்று கையை நீட்டினாள்.

"எதுவரைக்கும்டி?" என்றாள்.

கண்ணாடிக்குள் இருந்தவள் ஒரு நொடி நின்றாள். "இன்னும் கீழ. இடுப்புக்கு நேரா பிடி" என்றாள். "இப்ப தூக்கு. மூஞ்சி வரைக்கும்."

ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு பேரும் எதையோ தூக்கி இழுத்து மூடினார்கள். சபீனா தன் பக்கத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகவும் செய்தாள். டிவியில் சாயிப்பு வாய் திறந்தபடியேதான் கிடந்தார். யாரும் சிரிக்கவில்லை. மிஸ் 'மதி' என்று சொல்லவில்லை.

கண்ணாடியைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "போடுங்க, மிஸ்."

"என்னத்தப் போட?"

"ஃபெயிலுன்னு. மொதக் குத்து தப்புனதுமே கை மாத்திருக்கணும். நான் மாத்தல."

மிஸ் பேனாவை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "புதுசுல ஒரு தடவை செய். இப்பவே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"புதுசுல யாரும் சாக மாட்டாக, மிஸ். அதுல பாஸாயி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வார்டுக்குப் போக? இப்பப் போடுற மார்க்குதான் சரி. போடுங்க."

மிஸ் போட்டார். அவருக்கும் கை வரவில்லை என்பது பார்த்த எனக்குத் தெரியும். அடுத்தவள் சபீனா. அவள் புதியதை மாட்டி, பாஸாகி, கழற்றி என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை வெள்ளை பஸ் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. இவள் கேட் வரைக்கும் வந்து சபீனாவின் பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்த அதே நடையில் திரும்பி வந்து, லேபுக்கு வெளியே வராந்தாவில் நின்று அம்மாவுக்கு போன் போட்டாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கண்ணாடிகளின் பட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தம்மா என்ன சொல்லித் திட்டப் போகிறாளோ, இந்தப் பெண் என்ன ஆகப் போகிறாளோ என்று எனக்குக் காது அங்கேயே இருந்தது. இவள் பேசியது மட்டும்தான் கேட்டது.

"ஆமாம்மா, பஸ்ஸு போயிருச்சு. நான் போகல. ஃபெயிலு."

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இல்லம்மா, படிச்சேன். அவுக செத்துப்போயிட்டாக. என் கையிலதான்."

வராந்தாவில் இரண்டு அடி நடந்து திரும்பினாள்.

"கம்ப்யூட்டர்லதான்மா. ஆனா போயிட்டாக."

அந்தப் பக்கம் அம்மா எதையோ கேட்டாள். இவள் வராந்தாக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"இல்லம்மா. சொந்தக்காரவுக யாரும் உள்ள வர மாட்டாக. புரோகிராமுல அப்படி வைக்கல" என்றாள். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள்: "தனியா எல்லாம் விடல. நாங்க ரெண்டு பேரு இருந்தோம்."